பழைய சிகரெட் பெட்டி நடிகை அட்டைகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

நாடக நடிகைகளின் படம் போட்ட பழைய சிகரெட் அட்டை சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஆலன் அண்டு ஜின்டர் என்ற அமெரிக்கச் சிகரெட் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். வண்ணம், அச்சு, பெயர் மூன்றும் அதற்கு உண்டு. ஆனால் தேடுவது நடிகையின் முகம் என்றால் காசை அங்கே முதலில் போடவேண்டியதில்லை. அதைவிட மலிவான அட்டைகளில் இதைவிட உண்மையான முகங்கள் கிடைக்கின்றன. சந்தையின் விலைப்பட்டியல் மூலையின் கூர்மைக்கும் முதுகின் சுத்தத்துக்கும்தான் மதிப்பெண் போடுகிறது. படத்தின் தொனியும் கீழே அச்சிட்ட பெயரும் அதில் இரண்டாம் பட்சம். நடிகை அட்டையைப் பொறுத்தவரை இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்வதுதான் சரி.

முதலில் எண்களைப் பற்றிக் கொஞ்சம். விற்பனைப் பக்கங்களில் என்-26, என்-145, என்-245 என்றெல்லாம் போட்டிருப்பார்கள். இவை நிறுவனங்கள் கொடுத்த எண்கள் அல்ல. ஜெபர்சன் பர்டிக் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் போட்ட அட்டவணை எண்கள். 'என்' என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் புகையிலை அட்டை, 'டி' என்றால் இருபதாம் நூற்றாண்டு. பர்டிக் தன் சேகரிப்பை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களை, நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதில் ஏராளமானவை இன்று இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. வாங்க நினைக்கும் அட்டையின் எண்ணை அங்கே தட்டி, முன்புறம் எப்படி இருக்கவேண்டும் என்று பார்த்துவிட்டு விற்பவரின் படத்தோடு ஒப்பிடுங்கள். பாதி ஏமாற்று அங்கேயே பிடிபடும். நியூயார்க் பொது நூலகத்தின் அரெண்ட்ஸ் புகையிலைச் சேகரிப்பும் இதற்கு உதவும்.

இனி அட்டைகளுக்கு வருவோம். தொடங்குபவர்களுக்கு முதல் சிபாரிசு என்-145. வட கரோலினா மாநிலம் டர்ஹாமில் இருந்த டபிள்யூ. டியூக், சன்ஸ் அண்டு கம்பெனி 1880களில் வெளியிட்ட நடிகர் நடிகையர் வரிசை. அதில் பல வகைகள், ஏராளமான முகங்கள். அந்தக் காலத்தில் சிகரெட் மெல்லிய காகிதப் பொட்டலத்தில் வந்தது. நசுங்காமல் இருக்க நடுவில் ஒரு விறைப்பான அட்டை செருகினார்கள். சும்மா கிடக்கும் அட்டையில் படம் போட்டால் விற்பனை கூடும் என்று கண்டுகொண்டார்கள். பான்சாக்கின் சிகரெட் சுற்றும் இயந்திரத்தை 1884இல் டியூக் இறக்கிய பிறகு, கையால் சுற்றிய காலத்தில் நினைத்தே பார்க்கமுடியாத அளவு சரக்கு குவிந்தது. அதைத் தள்ளிவிட நடிகைகளின் முகமும் காலும் பயன்பட்டன. கால் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இறுக்கமான உடையில் நிற்கும் பர்லெஸ்க் (கேலியும் ஆட்டமும் கலந்த நாடகம்) நடிகைகள் இந்த வரிசையில் அதிகம். 1894இல் தந்தை வாஷிங்டன் டியூக்கே நிறுவனத்தை நடத்திய மகன் ஜேம்ஸுக்குக் கடிதம் எழுதி இந்தப் படங்களைக் கண்டித்தார். மகன் வியாபாரி, தந்தை மெதடிஸ்ட் என்ற கட்டுப்பாடான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்.

என்-145 அச்சடித்த படம் அல்ல, உண்மையான புகைப்படம். முட்டை வெண்கரு பூசிய மெல்லிய காகிதத்தில் வெள்ளி உப்பு ஏற்றி, கண்ணாடி நெகட்டிவின் அடியில் வைத்து வெயில் காட்டி எடுத்த படம். ஆல்புமென் படம் என்பார்கள். அதை அட்டையில் ஒட்டி வெட்டினார்கள். இந்த அமைப்பு புரிந்தால் அதன் குறைகளும் புரிந்துவிடும். ஆல்புமென் படத்தில் வெளிச்சமான பகுதிகள் முதலில் மஞ்சளாகும், பிறகு நிழல் பகுதி செந்நிறம் இழந்து வெளிறும். ஓரத்திலிருந்து உள்ளே பரவும். ஒட்டிய பசை, கழுவாமல் விட்ட ரசாயனம், காற்றின் ஈரம் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை இது. அவசரத்தில் அடித்த சரக்கு என்பதால் ஒரே நடிகையின் ஒரே படம் ஒரு அட்டையில் ஆழ்ந்த சாக்லேட் நிறத்திலும் இன்னொன்றில் கழுவிய தேநீர் நிறத்திலும் கிடைக்கும். விலை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். சேகரிப்பவருக்கு ஆதாயமான இடம் இதுதான். மூலை மழுங்கி, முதுகில் பென்சில் கிறுக்கலோடு இருந்தாலும் கண்ணிமை தெரியும் அட்டையை எடுங்கள். மூலை கத்திபோல இருந்து முகம் மாவு பூசியதுபோல இருந்தால் விட்டுவிடுங்கள். சாதாரண நிலையில் உள்ள, பெயர்பெறாத நடிகைகளின் அட்டை பத்து டாலருக்குள் கிடைக்கும். லில்லி லாங்ட்ரி, சாரா பெர்ன்ஹார்ட், லில்லியன் ரசல் என்றால் கூடும்.

இந்தப் படங்களைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். இவற்றில் பல, ஸ்டூடியோக்கள் விற்ற, அட்டையில் ஒட்டிய பெரிய புகைப்படங்களான கேபினெட் படங்களை மறுபடி படமெடுத்துச் சிறிதாக்கியவை. நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி, ஹோசே மரியா மோரா போன்றவர்கள் நாடகக்காரர்களைப் படமெடுத்து விற்பதையே தொழிலாக வைத்திருந்தார்கள். சரோனி எடுத்த ஆஸ்கர் வைல்டு படத்தை ஒரு லித்தோ (கல்லச்சு) நிறுவனம் நகலெடுத்த வழக்கில்தான், புகைப்படத்துக்கும் பதிப்புரிமை உண்டு என்று 1884இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகலின் நகல் என்பதால் சில அட்டைகளில் முகத்தின் நடுத்தொனி காணாமல் போயிருக்கும். இது மங்கல் அல்ல, பிறவிக் குறை. இதே படத்தில் இன்னும் நல்ல பிரதி தேடிப் பயனில்லை. கண்டுபிடிக்க வழி உண்டு: கீழே உள்ள எழுத்து கரும் பழுப்பாக நன்றாக இருந்து, முகம் மட்டும் தட்டையாக இருந்தால் நகல் எடுத்த குறை. எழுத்தும் சேர்ந்து வெளிறியிருந்தால் காலம் செய்த வேலை.

பெயர் அச்சிட்ட அட்டையை மட்டும் வாங்குவது நல்ல பழக்கம். பெயரில்லாத அட்டைகளை விற்பவர்கள் 'லாங்ட்ரி போலிருக்கிறது' என்று போட்டு விலை ஏற்றுவார்கள். போலிருப்பதற்குக் காசு கொடுக்கவேண்டாம். பெயர் இருந்தாலும் எழுத்துப் பிழை சகஜம். அது அபூர்வம் அல்ல, அதற்குக் கூடுதல் விலை இல்லை.

கின்னி பிரதர்ஸின் ஸ்வீட் கேபொரல் என்-245, குட்வின் நிறுவனத்தின் ஓல்டு ஜட்ஜ் என்-171, ஆலன் அண்டு ஜின்டரே வெளியிட்ட வர்ஜீனியா பிரைட்ஸ் என்-45, எல்லாம் இதே குடும்பம், இதே ஆல்புமென், இதே சோதனைகள். ஓல்டு ஜட்ஜ் அட்டைகளில் சில இளஞ்சிவப்புச் சாயலோடு இருக்கும். அதைக் கறை என்று நினைத்து ஒதுக்கவேண்டியதில்லை. வர்ஜீனியா பிரைட்ஸ் பெயரில் 1886இல் வந்த பேஸ்பால் பெண்கள் வரிசை என்-48 தனிக் கதை. ஸ்டூடியோவில் மட்டையைக் கொடுத்து நிறுத்திய பெண்கள். பேஸ்பால் சேகரிப்பாளர்கள் போட்டிபோட்டு விலையைத் தூக்கிவிட்டார்கள். நடிகை சேகரிப்பவருக்கு அந்த விலை நியாயமில்லை.

வண்ண அட்டைகளைப் பார்ப்போம். ரிச்மண்டு ஆலன் அண்டு ஜின்டரின் உலக அழகிகள், 1888இல் வந்த என்-26, என்-27, தலா ஐம்பது அட்டை. அச்சுக்கலை என்று பார்த்தால் இவற்றைக் குறைசொல்ல ஆளில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லாகப் பல கற்களில் அடித்தது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடியில் பார்த்தால் கன்னத்துச் சிவப்பு கையால் வைத்த சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். ஆனால் ஓவியன் கை பட்ட முகம். எல்லாப் பெண்களுக்கும் ஏறக்குறைய ஒரே உதடு, ஒரே கழுத்து. சுவரில் மாட்டும் அழகுக்கு வாங்கலாம், ஆளை அடையாளம் காண உதவாது. டியூக்கின் மேடை நட்சத்திரங்கள் வரிசை, என்-129 முதல் என்-132 வரை, அதே வண்ண லித்தோதான், ஆனால் தலைப்பே மேடை என்பதால் நாடகப் பிரியர்களுக்கு நெருக்கமானது. இரண்டில் ஒன்று என்றால் டியூக். இன்னொரு எச்சரிக்கை: டாப்ஸ் நிறுவனம் 2006 முதல் ஆலன் அண்டு ஜின்டர் என்ற பெயரில் புதிய அட்டைகள் போட்டு வருகிறது. இணையத்தில் பெயரை மட்டும் தட்டினால் வருவதில் பெரும்பகுதி அதுதான். கூடவே 1888 என்றோ என்-26 என்றோ சேர்த்துத் தேடுங்கள்.

கையில் வைத்துப் பார்க்கப் பெரிதாக வேண்டும் என்பவர்களுக்கு நியூஸ்பாய் கேபினெட் அட்டை. கென்டக்கி மாநிலம் லூயிவில்லின் நேஷனல் டொபாக்கோ வொர்க்ஸ் 1890களில் மெல்லும் புகையிலைக் கட்டியோடு பரிசாகக் கொடுத்தது, அட்டவணையில் என்-566. ஏறக்குறைய நாலே கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம், உண்மைப் புகைப்படம். துணியின் நெசவு, மணி, கைவிசிறி எல்லாம் தெரியும். குறை ஒன்றே: பெரிய அட்டை என்பதால் உறையில் அடைப்பதும் தபாலில் வளையாமல் வரவைப்பதும் தலைவலி. படத்தைச் சட்டத்தில் பொருத்துவதற்காக யாரோ ஒருபுறம் வெட்டியிருப்பதும் சகஜம். நாலு ஓரமும் தெரியும்படி படம் கேளுங்கள்.

குறைந்த காசில் நிறைய முகம் வேண்டும் என்றால் பிரிட்டன் பக்கம் திரும்பவேண்டும். லிவர்பூல் ஆக்டன்ஸ் நிறுவனத்தின் கினி கோல்டு அட்டைகள் 1894 முதல் 1907 வரை வந்தன. இவையும் உண்மைப் புகைப்படம்தான், ஆனால் முட்டை வெண்கரு அல்ல, ஜெலட்டின். அதனால் பல அட்டைகளில் கறுப்பு இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. எட்னா மே, மேரி ஸ்டட்ஹோம், எல்லலின் டெரிஸ் என்று லண்டன் இசை நாடகங்களின் முகங்கள் வரிசையாகக் கிடைக்கும். சாதாரண அட்டை ஒன்றிரண்டு பவுண்டு. மொத்தக் கட்டாக வாங்கினால் இன்னும் மலிவு, ஆனால் அந்தக் கட்டில் தென்னாப்பிரிக்கப் போயர் போரின் தளபதிகளும் அரச குடும்பமும் கிரிக்கெட்காரர்களும் கலந்திருப்பார்கள். நூறு அட்டையில் எத்தனை நடிகை என்று எண்ணிச் சொல்லச் சொல்லிவிட்டு வாங்குங்கள். ஜெலட்டின் படத்தின் தனி வியாதி வெள்ளி எழும்புதல்: அட்டையைச் சாய்த்துப் பார்த்தால் கறுத்த பகுதிகளின் ஓரத்தில் நீலச் சாயலோடு கண்ணாடி மினுமினுப்பு தெரியும். துடைத்தால் போகாது. லேசாக இருந்தால் பொருட்படுத்தவேண்டாம். ஒருவகையில் பழமைக்குச் சாட்சியும் அதுதான்.

நம் பக்கத்துக்கு உண்மையான தொடர்புள்ளது வில்ஸ் நிறுவனத்தின் சிசர்ஸ். சிகரெட் பிடித்த தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். இந்தியச் சந்தைக்கும் இங்கிருந்த பட்டாளத்துக்கும் போன இந்தப் பெட்டிகளிலும் நடிகை அட்டைத் தொடர்கள் வந்தன. படத்தில் இருப்பது லண்டன் மேடை முகங்கள்தான். இந்தியாவில் பழம்பொருள் வியாபாரிகளிடம் எப்போதாவது கிடைப்பது பெரும்பாலும் இவையே. இங்கே கிடைத்ததின் நிலை எப்படியிருக்கும் என்று சொல்லவேண்டுமா? பழுப்புப் புள்ளி, ராமபாணப் பூச்சி அரித்த ஓரம், மைதா பசையின் மீது பூஞ்சை. பூச்சி மேற்பரப்பை மட்டும் சுரண்டியிருந்தால் வாங்கலாம், துளை விழுந்திருந்தால் வேண்டாம். பூஞ்சை வாசனை வந்தால் மற்ற அட்டைகளோடு சேர்க்காமல் தனி உறையில் போட்டு வறண்ட இடத்தில் வைத்து, வாசனை போனபிறகு மென்மையான தூரிகையால் வெளியில் வைத்துத் தட்டுங்கள்.

போலிகள். மலிவான அட்டையை யார் போலி செய்வார்கள் என்று கேட்கலாம். நடிகை அட்டையில் அப்பட்டமான கள்ள அச்சு குறைவுதான். அதிகம் நடப்பது மூன்று. முதலாவது ஆல்பம் வெட்டு. ஆலன் அண்டு ஜின்டர் கூப்பன் அனுப்பியவர்களுக்கு, தொடரின் படங்களை எல்லாம் பெரிய பக்கங்களில் வண்ண லித்தோவாக அடித்த ஆல்பம் கொடுத்தது. அந்தப் பக்கத்தை வெட்டித் தனி அட்டை என்று விற்பார்கள். அச்சு அசல், காலம் அசல், அட்டை மட்டும் இல்லை. காகிதம் மெலிந்திருக்கும், முதுகில் பட்டியலுக்குப் பதிலாக வேறு படத்தின் துண்டோ வெறுமையோ இருக்கும். முதுகுப் படம் போடாத விற்பனையைத் தொடவே வேண்டாம் என்பது இதற்காகத்தான்.

இரண்டாவது பிற்கால மறுபதிப்பு. மறுபதிப்பு என்ற சொல்லை முதுகிலிருந்து சுரண்டிவிட்டு விற்பதும் உண்டு. சுரண்டிய இடம் விளக்குக்கு எதிரே பிடித்தால் மெலிந்து தெரியும். பழைய லித்தோவில் புள்ளிகள் ஒழுங்கற்று இருக்கும். நவீன அச்சில் நாலு நிறப் புள்ளிகள் பூக்கோலம்போல ஒரே சீராகச் சுற்றியிருக்கும். ஒரே நிறத்தில் சீரான புள்ளி இருந்தால் உடனே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1900க்குப் பிந்தைய பிரிட்டிஷ் அட்டைகளில் ஹாஃப்டோன் அச்சு (ஒரே மையின் சீரான புள்ளிகளால் படம் காட்டுவது) அசலாகவே உண்டு. 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வைத்துக்கொண்டால் இன்னும் தெளிவு. 1950க்குப் பிறகு காகிதத்தில் கலக்கத் தொடங்கிய வெளுப்பூட்டி நீலமாகப் பளிச்சிடும். பழைய அட்டை மந்தமாகவே இருக்கும். பளிச்சிட்டால் போலி. பளிச்சிடாவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, வெளுப்பூட்டி இல்லாத காகிதம் இன்றும் கிடைக்கிறது.

மூன்றாவது ஓரம் வெட்டுதல். மழுங்கிய மூலையைச் சீராக்க அரை மில்லிமீட்டர் சீவி விடுவார்கள். லித்தோ அட்டைக்கு அளவு பார்த்தால் போதும், ஆலன் அண்டு ஜின்டர் ஒன்றரைக்கு இரண்டே முக்கால் அங்குலம். டியூக் புகைப்பட அட்டைகளிலோ தொழிற்சாலை வெட்டே முன்பின் இருக்கும், அளவுகோல் உதவாது. ஓரத்தின் குறுக்குவெட்டை லூப்பில் பாருங்கள்: நூறாண்டு காற்றுபட்ட ஓரம் முகத்தைப்போலவே பழுத்திருக்கும், புதிதாகச் சீவிய ஓரம் உள்ளே வெளிறித் தெரியும். கறுப்பு ஓரமுள்ள அட்டையில் வெள்ளை தெரிந்த இடத்தை மார்க்கரால் நிரப்பியிருந்தால் மை பக்கவாட்டில் ஊறியிருக்கும்.

பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து ஒன்று முதல் பத்து வரை தரம் போடும் பிஎஸ்ஏ, எஸ்ஜிசி நிறுவனங்களின் சேவை நடிகை அட்டைக்குத் தேவையா? ஒரு லாங்ட்ரியோ அபூர்வ வண்ண அட்டையோ என்றால் சரி. எட்டு டாலர் அட்டைக்கு அதைவிடக் கூடுதலாகக் கட்டணம் கொடுப்பது வீண். அதிலும் அந்த எண், மூலையையும் மடிப்பையும் முதுகையும் பற்றியே முக்கியமாகப் பேசுகிறது. மூன்று என்று போட்ட அட்டையில் அழகான தொனியும், ஐந்து என்று போட்டதில் ஆவிபோன்ற முகமும் இருக்கும். மூன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய ஆல்பத்தில் ஒட்டிய அட்டைகள் மலிவாக வரும். பிரிக்கத் தெரிந்தால் லாபம். ஆனால் லித்தோவை மட்டும் நனைக்கவேண்டும். அதன் மை எண்ணெய் சார்ந்தது, தண்ணீரில் கரையாது, பசை கரையும். பக்கத்தை அட்டையைச் சுற்றிச் சற்றுத் தள்ளி வெட்டி, அறை வெப்பத்தில் இருக்கும் வடிகட்டிய நீரில் படம் மேலே இருக்கும்படி மிதக்க விடுங்கள். கால் மணி முதல் அரை மணி நேரத்தில் தானாக நழுவும். நழுவாவிட்டால் காத்திருங்கள், நகத்தால் நெம்பினால் முதுகின் எழுத்து காகிதத்தோடு போய்விடும். மிச்சப் பசையை மெல்லிய தூரிகையால் நீருக்கடியிலேயே தள்ளி, சுத்த நீரில் அலசி, ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி உலர்த்துங்கள். முதல் நாளில் தாளை இரண்டு மூன்று முறை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் அட்டை வளையும். ஆல்பப் பக்கம் சிவப்போ நீலமோ என்றால் அதன் சாயம் இறங்கி அட்டையில் ஏறும். ஓரத்தைச் சொட்டு நீரில் சோதித்து, சாயம் விட்டால் வேலையைக் கைவிடுங்கள். புகைப்பட அட்டையை எந்தக் காரணத்துக்கும் நனைக்காதீர்கள். ஆல்புமென் படலம் விரிசல் விட்டு, படம் அட்டையிலிருந்து சுருண்டு கழன்றுவிடும். ஜெலட்டின் ஊறி ஒற்றுத்தாளிலேயே ஒட்டிக்கொள்ளும்.

சென்னை, தூத்துக்குடி, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் வைத்திருப்பதுதான் கடினம். ஈரப்பதம் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே இருந்தால் போதும், நம் ஊரில் மழைக்காலத்தில் எண்பதைத் தாண்டும். ஒவ்வொரு அட்டையும் பாலிப்ரோப்பிலின் அல்லது மைலார் உறையில். பிவிசி உறை வேண்டாம், அது கசியவிடும் நெகிழ்பொருள் படத்தில் ஒட்டும். உறைகளை மூடி இறுகும் பெட்டியில் அடுக்கி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஒரு சிறிய ஈரமானி சேர்த்து வைத்தால் ஜெல்லை எப்போது சூடாக்கவேண்டும் என்று தெரியும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த பெட்டியை உடனே திறக்காதீர்கள், அறைச்சூட்டுக்கு வந்தபிறகு திறங்கள், இல்லையென்றால் குளிர்ந்த அட்டைமேல் நீர் பூக்கும். அந்துருண்டை வேண்டாம். ஒட்டும் பக்கமுள்ள பழைய கல்யாண ஆல்பம் வேண்டாம். லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகவே வேண்டாம், சூட்டில் உருகிய பசை படத்தோடு கலந்துவிட்டால் மீட்க வழியில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது விற்பவரிடம் கேட்கவேண்டியவை: முதுகின் படம், நாலு ஓரமும் தெரியும் படம், சாய்த்துப் பிடித்து எடுத்த ஒரு படம், பெயர் உள்ளதா என்ற பதில். அனுப்பும்போது உறைக்குமேல் விறைப்பான பிளாஸ்டிக் தாங்கி, அதை இரண்டு நெளி அட்டைக்கு நடுவே வைத்து ஒட்டச் சொல்லுங்கள், ஒட்டுநாடா தாங்கியின் வாயில் படாமல். தபால் கட்டணமும் சுங்க வரியும் அட்டை விலையைத் தாண்டிவிடும் என்பதால் ஒருவரிடமே பத்துப் பதினைந்தாகச் சேர்த்து எடுப்பதுதான் கட்டுப்படியாகும்.